கல்லீரலுக்கும் யங் குணகம் உண்டு

என் வீட்டுக்காரரின் கல்லீரல் பதினாலு கிலோபாஸ்கல் என்று தெரிந்த சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, எரிச்சல். பாஸ்கல் என்பது என்னுடைய அலகு. கோவில்பட்டியில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வருஷம் தவறாமல் நான் கரும்பலகையில் எழுதிப்போடுகிற அலகு. தகைவு, திரிபு, இரண்டையும் வகுத்தால் யங் குணகம், அதை எழுதுவது பாஸ்கலில். இரும்புக் கம்பிக்கு இரண்டு போட்டுப் பின்னால் பதினொரு சைபர் என்று சொல்லும்போது கடைசி பெஞ்சு கொட்டாவி விடும். அந்த அலகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

அவருக்குச் சர்க்கரை உண்டு. அதற்காக எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் சம்பந்தப்பட்ட ஏதோ கூடியிருக்கிறது என்று திருநெல்வேலி டாக்டர் சொல்லி, ஈரல் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்று ஒரு ஸ்கேன் எடுத்துவிடச் சொல்லியிருந்தார். எனக்கு அன்றைக்கு விளாத்திகுளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் செய்முறைத் தேர்வு டியூட்டி. "நான் என்ன சின்னப் புள்ளையா, ஒத்தைல போயிட்டு வாரேன்" என்று காலை ரயிலில் அவரே போய்விட்டு வந்துவிட்டார். தீப்பெட்டி ஆபீஸ் மிஷின்களுக்கும் கிணற்று மோட்டார்களுக்கும் பெல்ட், பேரிங் விற்கிற கடை அவருடையது. அதைப் பூட்டிவிட்டு ஒரு நாள் வெளியே போவதே அவருக்குப் பெரிய சலுகை. ஆனாலும் திரும்பி வந்தவர் முகம் சலுகை அனுபவித்த முகமாக இல்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றேன்.

"டாக்டர் இன்னைக்கு இல்லட்டி. புதன்கெழம வரச் சொன்னாவ. ஆனா அந்த மிஷின்ல இருந்த பொண்ணு மூஞ்சி சரியில்ல."

"மூஞ்சியப் பாத்து ரிசல்ட் சொல்லுதீங்களோ?"

"நீதான் படிச்சவளாச்சே. பாரு."

பார்த்தேன். பச்சையில் தொடங்கி மஞ்சள் வழியாகச் சிவப்பில் முடிகிற ஒரு பட்டை. அதில் சிவப்புக்குள் ஒரு அம்புக்குறி. பதினாலு. பக்கத்திலேயே சிரோசிஸ் என்ற சொல், கேள்விக்குறியோடு. அந்தச் சொல் அவருக்குத் தெரியும். எங்கள் ஊரில் குடித்து வயிறு வீங்கிச் செத்தவர்கள் எல்லாரையும் பற்றிக் கடைவாசலில் பேசும்போது அந்தச் சொல்தான் வரும். இவர் வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டது கிடையாது. கல்யாண வீட்டில் யாராவது பக்கத்தில் நாறினால்கூட எழுந்து வேறு இடம் போய் உட்காருகிற மனுஷன்.

எனக்குத் தலை சுற்றியது. ஆனால் அந்தச் சுற்றலிலும் வாத்தியார் புத்தி போகவில்லை. யங் குணகம் அளக்க வேண்டும் என்றால் கம்பியைத் தொங்கவிட்டு எடை போட வேண்டும், எவ்வளவு நீண்டது என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் மீட்டர் ஸ்கேலை இரண்டு கத்திமுனைகளின் மேல் வைத்து நடுவில் எடை தொங்கவிட்டு எவ்வளவு இறங்கியது என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கிற மனுஷனின் ஈரலை எந்தக் கொக்கியில் மாட்டினார்கள்? அவரிடமே கேட்டேன். அவர் சட்டையைத் தூக்கி வலதுபக்க விலா எலும்புகளுக்கு நடுவே ஓர் இடத்தைக் காட்டினார்.

"இங்கன ஒரு தடிச்ச பேனா கணக்கா ஒண்ண வச்சி டொக்கு டொக்குன்னு இடிச்சாவ. வலியெல்லாம் இல்ல. யாரோ கதவத் தட்டுத மாதிரி இருந்துச்சி."

அவர் படுத்த பிறகு போனில் தேடிப் படித்தேன். அந்த இடியில் ஈரலுக்குள் ஒரு அலை கிளம்புமாம். அது எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஒலியை வைத்துப் பார்ப்பார்களாம். மெத்தென்று இருந்தால் அலை மெதுவாகப் போகும், விறைத்துக் கிடந்தால் வேகமாகப் போகும். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கி, அதை மூன்றால் பெருக்கினால் பாஸ்கல் வந்துவிடும். என்னால் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. போட்டுப் பார்த்தேன். நல்ல ஈரலில் அந்த அலை, நான் காலையில் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற வேகத்தில் நடக்கிறது. அவர் ஈரலில் அது பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி ஓடியிருக்கிறது. கணக்கு சரியாக வந்ததும் ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது, அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. கணக்கு சரியாக வந்ததற்கு எதற்குச் சந்தோஷப்பட்டேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் எப்போதும்வென்றான் கிராமத்தில் இருந்து மதினி வந்துவிட்டார்கள். மதினி என்றால் இவருடைய அக்கா. ஒரு கை நிறையக் கீழாநெல்லி, இன்னொரு கையில் கோவில் துன்னூறு. தம்பி நெற்றியில் பூசிவிட்டு, "ஒண்ணும் ஆகாதுல, ஒனக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அவர் தலையாட்டினார். அப்புறம் என்னை அடுப்படிக்குள் இழுத்துப்போய்க் குரலைத் தாழ்த்தி, "ஏட்டி, தம்பி மறைவா எதும் குடிக்கானோ?" என்றார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த கரண்டி தப்பித்ததே பெரிய விஷயம். "குடிச்சாத்தான் ஈரல் கெடுமா மதினி? சர்க்கரையாலயும் கெடும், கொழுப்பாலயும் கெடும். ஒங்க தம்பி திங்குத இனிப்புக்கு ஈரல் என்ன செய்யும்?" என்றேன்.

"அதுக்கு ஏன்ட்டி இப்படி விழுதே? கேக்கக்கூடாதா?"

கேட்கலாம்தான். ஊரே கேட்டது. வாயால் கேட்காதவர்கள் கண்ணால் கேட்டார்கள். கடைக்கு வந்த ஒரு மிஷின் மெக்கானிக், "அண்ணாச்சி, எல்லாத்தையும் விட்டுருங்க" என்று மிகுந்த அக்கறையோடு சொல்லிவிட்டுப் போனாராம். எதை விட என்று இவருக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆகியிருக்கிறது. அதை என்னிடம் சொல்லும்போது அவர் சிரிக்க முயன்றார். முடியவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் "ஒண்ணும் ஆகாது" என்றார்கள். நானும் சொன்னேன். ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் அவர் முகம் கொஞ்சம் உள்ளே போனது. ஒன்றும் ஆகாதவனிடம் யாரும் வந்து ஒன்றும் ஆகாது என்று சொல்வதில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் செய்முறை ஒத்திகை. மீட்டர் ஸ்கேலைக் கத்திமுனைகளில் வைத்து, நடுவில் ஓர் ஊசியை மெழுகால் ஒட்டி, எடை ஏற்ற ஏற்ற ஊசி முனை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிற சோதனை. ஒரு பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை எடுத்த அளவும் இன்று எடுத்த அளவும் ஒத்துப்போகவில்லையாம். ஒரே ஸ்கேல், ஒரே எடை, ஆனால் இன்று ஸ்கேல் குறைவாக வளைகிறது.

"ஸ்கேல் வெறச்சிப் போச்சி மிஸ்" என்றாள்.

இருபது வருஷமாக நான் இந்த மாதிரி இடத்தில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. தூக்கத்தில் எழுப்பினாலும் கேட்பேன். அதைக் கேட்டேன். "ஸ்கேலச் சொல்லாத. எந்த நெலமைல வச்சி அளந்தே?"

போய்ப் பார்த்தால் கத்திமுனைகள் இரண்டையும் யாரோ நெருக்கமாக நகர்த்தி வைத்திருந்தார்கள். இடைவெளி குறைந்தால் வளைவது குறையத்தானே செய்யும். ஸ்கேலில் ஒரு மாற்றமும் இல்லை. பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். நான் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். எந்த நிலைமையில் வைத்து அளந்தார்கள் என்று ஸ்கேலுக்குக் கேட்கத் தெரிந்த எனக்கு அவருக்குக் கேட்கத் தோன்றவில்லையே.

இடைவேளையில் ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டேன். அன்றைக்கு மிஷினில் இருந்த பெண்ணே எடுத்தாள். பொறுமையான பெண். மூன்று மணி நேரமாவது வயிறு காலியாக இருக்க வேண்டும், சாப்பிட்டவுடன் எடுத்தால் ஈரலுக்கு ரத்தம் அதிகமாக வந்து விறைப்புக் கூடத்தான் காட்டும் என்றாள்.

"எங்க வீட்டுக்காரரு கிட்ட கேட்டீங்களாம்மா?"

"கேக்காம எடுப்போமா மேடம்? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சார் அன்னைக்கு விரதம்னு சொன்னாங்களே. சனிக்கெழம தவறாம விரதம் இருப்பேன், வெறும் வயிறு எனக்குப் பழக்கம்தான்னு சொல்லிச் சிரிச்சாங்க."

விரதம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சகலமும் விளங்கிவிட்டது. போனை வைத்துவிட்டு ஆய்வகத்தில் தனியாக நின்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை யாராவது பார்த்திருந்தால் என்னையும் ஒரு ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அவருடைய சனிக்கிழமை விரதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் சனிக்கிழமை இப்படித்தான். சோறு கிடையாது. சோறு தொடாவிட்டால் விரதம் நிற்கிறது, அவ்வளவுதான். பால் ஆகும், பழம் ஆகும், பலகாரம் ஆகும். இட்லி ஆகுமா ஆகாதா என்பதில் வீட்டுக்கு வீடு சட்டம் வேறு. இவர் சட்டத்தில் இட்லி ஆகாது, ஏனென்றால் அதில் அரிசி இருக்கிறது. போளி ஆகும், ஏனென்றால் அது மைதா. மற்ற நாட்களைவிட அவர் நிறையச் சாப்பிடுவது சனிக்கிழமைதான் என்று நான் பல தடவை கிண்டல் செய்திருக்கிறேன். பெருமாள் பெயரைச் சொல்லி அதைத் தட்டிக் கழித்துவிடுவார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட இறக்கவில்லை.

"சனிக்கெழம ஸ்கேனுக்குப் போவையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலட்டி. விரதம்லா."

"விரதத்துக்கு என்ன சாப்பிட்டீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"வண்டி கடம்பூர்ல நின்னுச்சி. சூடா போளி வந்துச்சி. நெய் மணம். ரெண்டு... மூணு இருக்கும். அப்புறம் திருநெல்வேலி ஜங்ஷன்ல எறங்கி ஒரு டம்ளர் பாலு. பழம் ஒண்ணு."

"அதுக்கு எவ்வளவு நேரம் கழிச்சி ஸ்கேன்?"

"எறங்கி நேரா அங்கதான போனேன்."

"சர்க்கர இருக்குத மனுஷன் மூணு போளி தின்னுட்டு வெறும் வயிறுன்னு சொல்லியிருக்கியளே, இது எந்த ஊரு ஞாயம்?"

"விரதத்துக்குப் போளி ஆகும்லட்டி" என்றார், உண்மையாகவே புண்பட்டுப்போய். பெருமாளுக்கு ஏற்றுக்கொள்ள முடிகிற ஒன்றை ஒரு மிஷின் ஏற்றுக்கொள்ளாது என்பது அவருக்குப் புதிய செய்தி.

அதற்கப்புறம் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது குழப்பம். அதுவும் சாதாரணக் குழப்பம் இல்லை, உட்கார்ந்தால் எழ விடாத, எழுந்தால் உட்கார விடாத குழப்பம்.

முதல் குழப்பம், ஈரலின் விறைப்பு என்றால் என்ன என்பது. எஃகுக்கு ஒரு எண் உண்டு. பித்தளைக்கு ஒரு எண் உண்டு. புத்தகத்தின் பின்னால் அட்டவணையே போட்டிருக்கிறார்கள். பால் குடித்தால் ஒரு எண், குடிக்காவிட்டால் ஒரு எண் என்றால் அது என்ன குணகம்? வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கரிசல் புஞ்சைதான் ஞாபகம் வந்தது. ஐப்பசியில் காலை வைத்தால் முழங்கால்வரை இழுத்துக்கொள்கிற மண், பங்குனியில் பாளம் பாளமாக வெடித்துக் கடப்பாரையைத் திருப்பி அடிக்கும். இந்த மண் எவ்வளவு கடினம் என்று யாராவது கேட்டால் எங்கள் ஊரில் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். எப்போ மழை பெய்தது என்று திருப்பிக் கேட்பார்கள். ஈரலும் அப்படித்தானோ என்று நினைத்தபோது கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. ஆனால் மண்ணுக்குச் செத்துப்போகிற பயம் கிடையாது.

இரண்டாவது குழப்பம் இதைவிட மோசம். செய்முறையில் பிள்ளைகள் செய்கிற ஒரு திருட்டுத்தனம் எனக்கு அத்துப்படி. புத்தகத்து விடைக்கு ஒத்துவருகிற அளவை மட்டும் வைத்துக்கொண்டு, ஒத்துவராததற்கு ஏதாவது காரணம் கண்டுபிடித்து அடித்துவிடுவார்கள். ஊசி ஆடிருச்சி மிஸ், காத்து அடிச்சிருச்சி மிஸ். ஒத்துவந்த அளவெடுக்கும்போது மட்டும் காற்றே அடிக்காது. அந்த இடத்தில் நான் இரக்கமே இல்லாமல் மதிப்பெண்ணைக் குறைப்பேன். இப்போது நான் என்ன செய்கிறேன்? பதினாலு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் போளியைக் கண்டுபிடித்திருக்கிறேன். அம்புக்குறி பச்சையில் நின்றிருந்தால் ரயில் கடம்பூரில் நின்றதா என்று நான் கேட்டிருப்பேனா? சத்தியமாகக் கேட்டிருக்க மாட்டேன்.

அவரிடம் இதைச் சொல்லவில்லை. இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம் என்று மட்டும் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார்.

"ஏன்?"

"போதும்ட்டி. அந்த எண்ணுக்கு மூணு நாளா மனச ஒரு வழிக்குக் கொண்டாந்து வச்சிருக்கேன். கடைய யாருட்ட குடுக்க, நீ என்ன செய்வே, எல்லாம் யோசிச்சாச்சி. இப்ப நீ போயி கொறஞ்சிருக்குன்னு சொல்லுவே. நானும் ஆகா ஓகோன்னு குதிப்பேன். அடுத்த தடவ கூடுச்சின்னா? ரெண்டாவது தடவ விழ என்னால ஏலாது."

முப்பது வருஷம் ஒன்றாக இருந்திருக்கிறோம். அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாளும் அவர் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, நான் இல்லாத ஓர் இடத்தில் தனியாகச் செத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். துக்கம் எனக்கு எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். "புதன்கெழம போறோம். தண்ணியத் தவிர ஒண்ணும் உள்ள போவக் கூடாது. பெருமாளே வந்து ஊட்டிவிட்டாலும் வாயத் தெறக்கக் கூடாது" என்று கத்திவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டேன். அன்று எனக்குத் துவைக்கத் துணியே கிடையாது. துவைத்ததையே துவைத்தேன்.

புதன்கிழமைக்கு முந்தின நாள் ராத்திரியிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். பஸ்ஸில்தான் போனோம். வழி முழுக்க அவர் முகத்தில் இருந்தது பசியா பயமா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

டாக்டரிடம் போளி விவகாரத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. மறுபடி எடுத்துவிடலாம் என்று சீட்டு எழுதினார். மிஷின் அறைக்குள் என்னையும் வரலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். அவர் வலது கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுத்துக்கொண்டார். அவள் விலாவில் பசையைத் தடவி அந்தப் பேனாவை வைத்தாள்.

டொக்.

திரையில் ஒரு எண் வந்தது. பதினொன்று சொச்சம்.

டொக். எட்டு. டொக். ஒன்பதரை. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எண். ஒரு தட்டுக்கு எண்ணே வரவில்லை. அவள் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். பத்து அளவு கிடைத்ததும் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை மிஷினே எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினாள். நல்ல முறை. நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் உள்ளுக்குள் நான் அந்த எண்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எட்டு வந்தால் அதுதான் இவருடைய அசல் ஈரல் என்றும், பதினொன்று வந்தால் மூச்சை இழுத்துவிட்டார், சரியாகப் படுக்கவில்லை என்றும். என் வகுப்பில் இருக்கிற எந்தப் பிள்ளையும் இவ்வளவு வெட்கம் கெட்டுப் பொறுக்கியது கிடையாது.

நடு எண் ஒன்பது என்று வந்தது.

டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஈரல்ல தழும்பு இருக்குது. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா போன தடவ பயந்த அளவுக்கு இல்ல. இப்போதைக்குச் சிரோசிஸ் இல்ல" என்றார்.

"அப்ப போன தடவ எடுத்தது தப்புங்களா?" என்றேன்.

"தப்புன்னும் சொல்ல முடியாதும்மா. சாப்பிட்டா எல்லாருக்கும் கொஞ்சம் கூடும். நல்ல ஈரல்னா அதைத் தாங்கிக்கிடும், ரொம்பக் காட்டாது. இவருக்கு இவ்வளவு கூடிருக்குதுன்னா, அதுவும் ஒரு சேதிதான்." சோற்றைக் குறைக்கச் சொன்னார், இனிப்பை அடியோடு விடச் சொன்னார், நடக்கச் சொன்னார். ஆறு மாதம் கழித்து மறுபடி வெறும் வயிற்றில் வரச் சொன்னார். வெறும் வயிறு என்ற வார்த்தையைச் சொல்லும்போது மட்டும் என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார்.

வெளியே வந்து ஒரு ஓட்டலில் அவருக்கு இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்தேன். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சந்தோஷப்படலாமா என்று யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. ஒன்பதா பதினாலா என்று கேட்டால் இரண்டும் என்கிறார்கள். இரண்டும் என்றால் நான் எதை நம்பி வீட்டுக்குப் போவது? பதினாலை மூன்று நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆராய்ந்த நான், ஒன்பதைப் பார்த்ததும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஏதோ ஒன்றைக் காணாத மாதிரி பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்புகிற பஸ்ஸில் எங்களுக்கு இரண்டு பேர் சீட் கிடைத்தது. நாலு வழிச் சாலையில் கயத்தாறு தாண்டிய பிறகு அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி, சமாதானம் சொல்லாம சொல்லு. நான் பொழச்சிக்கிடுவேனா?"

ஒண்ணும் ஆகாது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தனை பேரும் சொல்லிச் சொல்லி அந்தச் சொல் அவர் முகத்தில் என்ன செய்தது என்பதைப் பார்த்திருந்ததாலோ என்னவோ, அதற்கு மேல் வரவில்லை. இருபது வருஷமாக எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் ஒரு விடை வைத்திருந்தவள் நான். அவர் கேட்ட எதற்கும்கூட நான் பதில் சொல்லாமல் விட்டது கிடையாது, தெரியாததற்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

"தெரியலங்க" என்றேன். "சத்தியமா எனக்குத் தெரியல. ரொம்பப் பயமா இருக்கு."

அவர் ஜன்னலை விட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"இந்த அஞ்சாறு நாள்ல இப்பத்தான் நீ எங்கிட்டப் பேசுதே" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அமுக்கினேன், அப்படியும் நிற்கவில்லை. பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, அக்காவுக்கு மேலுக்குச் சொகமில்லையா?" என்றார். "ஒண்ணுமில்லம்மா, பரீட்ச பேப்பர் திருத்தித் திருத்தித் தலவலி" என்று இவர் எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் பார்க்க ஒரு தடவைகூடத் தொடாத மனுஷன், பஸ்ஸில் அத்தனை பேர் இருக்க, என் கையை எடுத்து அவர் மடியில் வைத்துக்கொண்டார். கோவில்பட்டியில் கண்டக்டர் விசில் ஊதும்வரை விடவில்லை.